பரலுக்குக் கீழே

றிஸ்கான் மல்லாந்து படுத்து, ஜக்கில் தூக்கி நிறுத்திய வான் வண்டிக்கு அடியில் தோள்வரைக்கும் போய்விட்டிருந்தான். அண்ணனின் மையத்தை அடக்கிவிட்டு வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. காலில் மையவாடி மண் அப்படியே இருந்தது.

றுக்கியா ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். நேற்று அவள் புருசன் முனாஸை நசித்த அதே வான். அதே ஜக். அதன் கீழே, மணலில் பாதி புதைந்து, அதே செங்கல். அவனை இழுத்தெடுத்தவர்கள் வானின் முன்பக்கத்தை மறுபடியும் அதன்மேலேயே ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"றிஸ்கான்! வெளிய வாங்க!"

"நானா கழட்டின ஒயில் நட்டு மட்டும்தான் மதினி. பூட்டினா ரோட்டுல எடுத்து விடலாம். கத்தம் ஓத வாற ஆக்களுக்கு வளவுல இடம் வேணுமே. ரெண்டு நிமிச வேல."

ரெண்டு நிமிசம். முனாஸ் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

அவள் எழுந்தாள். மாமி கையைப் பிடித்தார்.

"இத்தாவில மறைஞ்சு இரிக்கிற நீ எங்க புள்ள போறாய்? வெளிய ஆம்புளையள் இரிக்காங்க."

"ஒங்கட மத்த மகனும் வேணாமா மாமி?"

பிடி தளர்ந்தது.

குளிக்கும் இடத்தில் தண்ணீர் நிறைக்கும் நீலப் பரல் நின்றது. அதைத் தாங்கிய மூன்று பலகைகளின் ஒரு தலை சீமெந்துத் திண்டில், மறுதலை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில். வானுக்கு அடியில் முட்டுக்கொடுக்கவென்று அவளே டவுனில் வாங்கிக் கொடுத்த ஸ்டாண்டுகள். பைப்பில் தண்ணீர் வேகமாக வரட்டுமென்று முனாஸ் அங்கே வைத்துவிட்டான். நேற்றும் அவற்றை எடுக்கச் சொன்னாள். "நிறைஞ்ச பரல், இப்ப இறக்க ஏலாது" என்றான். இன்று அவனைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தான்.

இரண்டு கைகளாலும் பரலைத் தள்ளிவிட்டாள்.

கதிரைகளில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். "தண்ணி முழுக்கப் போகுதே!" என்றார் ஒருவர்.

"போகட்டும்!"

ஸ்டாண்டுகளை இழுத்துவந்து றிஸ்கானின் காலடியில் எறிந்தாள். பலகைகளையும் எறிந்தாள். அவன் வெளியே வந்தான். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். ஜக்கை இறக்கி, செங்கல்லை எடுத்து வீசிவிட்டு, பலகையின்மேல் வைத்து மீண்டும் உயர்த்தினான். மற்றப் பலகைகளில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, வானின் பாரத்தை அவற்றில் இறக்கினான்.

"எத்தின நிமிசம் போச்சு?"

"பத்து... பத்து இரிக்கும் மதினி."

"தள்ளிப் பாருங்க."

தள்ளினான். வான் அசையவில்லை.

"இன்னும்."

ஈர மணலில் காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை.

றுக்கியா அவனை விலகச் சொல்லிவிட்டு, தானே இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். வான் அப்படியே நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.