தொட்டுக்கோ

எங்கள் கூடைப்பந்து அணியின் முதல் எட்டுத் தோல்விகளும் எங்களைவிட நன்றாக ஆடியவர்களிடம் வாங்கியவை. ஒன்பதாவதை நாங்களே தூக்கிக் கொடுத்தோம்.

அது எங்கள் சொந்த அரங்கில் நடந்தது. எதிரே ஹோல்ஸ்டன் கல்லூரி. ஆட்டம் முடிய ஒன்பது நொடி. ஒரு புள்ளி முன்னணியில் இருந்தோம். நெப்ராஸ்காவின் சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கார்வில் கல்லூரிக்கு அந்தப் பருவத்தின் முதல் வெற்றி அதோ, கைக்கு எட்டும் தூரத்தில். பந்து ஷனீஸ் ப்ரூயிட்டிடம் இருந்தது. சிகாகோவிலிருந்து வந்தவள், பதினெட்டு வயது, பந்தை நடத்திச் செல்பவள். ஹோல்ஸ்டன் பெண்கள் இருவர் அவளை மூலையில் மடக்கினார்கள். ஷனீஸ் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையைப் படுக்கவைத்து மறு கையை அதன் கீழே நிமிர்த்தி, ஆட்டத்தைச் சற்று நிறுத்தச் சொல்லி நடுவரிடம் டைம்-அவுட் கேட்டாள்.

எங்களுக்கு அனுமதித்த டைம்-அவுட்களில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. இல்லாததைக் கேட்டால் எதிரணிக்கு இரண்டு இலவச எறிதல்கள், பந்தும் அவர்களுக்கே. இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம். அவள் கைகள் அப்படி ஆங்கில 'டி' எழுத்தாக நின்ற படம் மறுநாளே எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது.

நான் மாரிட் யென்சன். அணியில் நான் மட்டும்தான் இரண்டாமாண்டு, அதனாலேயே கேப்டன். மற்ற எல்லாரும் அந்த ஆகஸ்டில்தான் கல்லூரிக்கு வந்தவர்கள். ஷனீஸுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். டைம்-அவுட் எதுவும் மிச்சமில்லை என்பதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான்.

அடுத்த வாரம் பத்தாவது தோல்வியோடு பேருந்தில் திரும்பும்போது பனிப்புயல் பிடித்தது. சாலையும் வயலும் வானமும் ஒரே வெள்ளைத் தாளாகிவிட்டன. ஓட்டுநர் வழியில் ஒரு சிற்றூரின் தேவாலயத்தில் வண்டியை ஒதுக்கினார். அதன் அடித்தளக் கூடத்தில் ஊர்ப் பெண்கள் புயலில் சிக்குபவர்களுக்காக ஏற்கெனவே பெரிய பாத்திரத்தில் சில்லி கொதிக்க வைத்திருந்தார்கள். பீன்ஸும் மாட்டிறைச்சியுமாக, கரண்டி நிற்கும் அளவு கெட்டி. பக்கத்துத் தட்டில் பட்டைத்தூளும் சர்க்கரைப் பாகும் வழியும் இனிப்பு ரோல்கள்.

நான் ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்துச் சாப்பிட்டேன். ஷனீஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி பண்ற நீ?"

"தொட்டுக்கிறேன்."

"அது இனிப்பு. இது குழம்பு."

"ஆமா. தொட்டுக்கோ."

"உங்க ஊர்ல யாரும் உங்கள தடுக்கலயா?" என்றாள் ஷனீஸ்.

"பள்ளிக்கூடத்துலயே இப்படித்தான் போடுவாங்க," என்றாள் லிண்டி குபிக், வாயில் ரோலோடு. லிண்டி தூரத்திலிருந்து எறிபவள். எறிவதைவிட அதிகம் பேசுபவள். "நீ தொட்டுக்காம சாப்பிடுறதப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. தொட்டுக்கோடி."

"செத்தாலும் மாட்டேன்."

"ஒரு வாய்."

"சரி, மார்ச் போட்டிக்குள்ள போனா தொட்டுக்கிறேன். போதுமா?"

 எங்கள் லீக்கில் பதினொரு கல்லூரிகள். முதல் எட்டு மட்டும்தான் மார்ச் மாதப் போட்டிக்குள் நுழையும். கார்வில் நுழைந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது பதினோராவது இடத்தில் இருந்தோம்.

"அப்ப ஜென்மத்துக்கும் தொட்டுக்க மாட்ட," என்றாள் லிண்டி.

முதலில் சிரித்தது ஷனீஸ்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமைப் பயிற்சிக்கு எங்கள் கோச் ஹால்டமன் விசிலைக் கொண்டுவரவில்லை. கட்டையான உருவம், கழுத்தில் எப்போதும் மூக்குக்கண்ணாடி தொங்கும். பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க பயந்தா என்னப் பாக்குறீங்க," என்றார். "நான் டைம்-அவுட் வாங்குறேன். கடைசில ஒண்ணுகூட மிஞ்ச மாட்டேங்குது. நடுவர்கிட்ட கேக்காம, உங்களுக்குள்ளயே எடுத்துக்குற ஒரு டைம்-அவுட் வேணும். ஒரே ஒரு வார்த்தை. அதக் கேட்டா பந்து யார்கிட்ட இருந்தாலும் அதச் சொன்னவகிட்ட திரும்பி வரணும். எல்லாரும் மூச்ச விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். என்ன வார்த்தை?"

"தொட்டுக்கோ," என்றாள் லிண்டி.

எல்லாரும் விழுந்து சிரித்தோம். கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவே இருக்கட்டும். சிரிக்கிறவங்களுக்குக் கை நடுங்காது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷனீஸைப் பார்த்தார். "இதச் சொல்ற உரிமை உனக்கு மட்டும்தான்."

"எனக்கா, கோச்? அன்னிக்கு நான்தான…"

"தெரியும். அதனாலதான் உனக்கு."

அந்த வார்த்தை உடனே மாயம் ஒன்றும் செய்துவிடவில்லை. பதினோராவது ஆட்டத்தில் ஷனீஸ் அதைப் பதினேழு முறை சொன்னாள். நாங்கள் பதினேழு முறையும் பந்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். தோல்வி. ஜனவரி முழுக்க, கோச் வாய் திறக்காத பயிற்சிகள். அவள் குரலை வைத்தே அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். நான் எந்தத் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவேன் என்று அவள் கற்றுக்கொண்டாள். பதின்மூன்றாவது ஆட்டத்தில் நான்கு புள்ளியில் வென்றபோது என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையாக நின்று எதிரணியிடம் மன்னிப்புக் கேட்பவர்கள்போல் கை குலுக்கினோம். பிறகு இரண்டு வெற்றி. ஒரு தோல்வி. பிறகு வரிசையாக மூன்று வெற்றி. உணவுக்கூடத்தில் பரிமாறும் பெண்மணி எங்கள் தட்டுகளில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் நாங்கள் ஒன்பதாவது இடத்தில் இருந்தோம். எட்டாவது இடத்தில் ஹோல்ஸ்டன். கடைசி ஆட்டம் அவர்கள் அரங்கில், சனிக்கிழமை மதியம். வென்றவர் உள்ளே, தோற்றவர் வீட்டுக்கு.

ஷனீஸ் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஹோல்ஸ்டன் மாணவர்கள் மொத்தமாக எழுந்து கைகளை 'டி' எழுத்தாக வைத்துக் காட்டினார்கள். முந்நூறு பேர். முதல் இரண்டு பகுதிகளில் அவள் அவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அதிலேயே இரண்டு முறை பந்தைத் தவறவிட்டாள். இடைவேளையில் லிண்டி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு இங்க இவ்ளோ ரசிகர்களா?"

"வாய மூடு."

"எனக்கு ஒருத்தன்கூட எந்திரிக்க மாட்டேங்குறான். பொறாமையா இருக்குடி."

மூன்றாம் பகுதியில் அவர்கள் எழுந்தபோது ஷனீஸ் ஒரு தரம் அவர்கள் பக்கம் தலையசைத்து வணக்கம் சொன்னாள். பன்னிரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். அது ஏழானது, நான்கானது. ஒவ்வொரு முறை எங்கள் ஆட்டம் தறிகெட்டபோதும் அந்தக் குரல் வந்தது: "தொட்டுக்கோ." பந்து அவளிடம் போகும். நாங்கள் மூச்சு விடுவோம். அந்த அரங்கில் அதன் பொருள் தெரிந்தவர்கள் பதின்மூன்று பேர் மட்டுமே.

பதினான்கு நொடி. ஒரு புள்ளி பின்னால். டைம்-அவுட் ஒன்றும் இல்லை. இந்த முறை எல்லாரிடமும் அதை இரண்டு முறை சொல்லியிருந்தேன். அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து என் கையில் விழுந்தது. உடனே ஷனீஸிடம் கொடுத்திருக்க வேண்டும். என் கால்கள் தாமாகவே ஓடின. நெட்டையான நான், பந்தைத் தட்டத் தெரியாமல் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி, நேரே மூலைக்குள் போய் நின்றேன். இருவர் என்னை மடக்கினார்கள். நான்கு கைகள். வேறு எதுவும் தெரியவில்லை. பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டேன். நடுவர் இரண்டடியில் நின்றார். என் வாய் திறந்தது. "டை…" என்று பாதிச் சொல் நாக்கில் வந்துவிட்டது.

"மாரிட். தொட்டுக்கோ."

அவள் கத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் சொல்வதுபோல் சொன்னாள். என்னை மீறிச் சிரிப்பு வந்தது. வாயில் இருந்த சொல் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது. பந்தைத் தலைக்கு மேல் தூக்கினேன். அந்த இருவரும் என் முழங்கை உயரம்தான். குரல் வந்த இடத்துக்கு எறிந்தேன். பார்க்கக்கூட இல்லை. அவள் அங்கே இருந்தாள்.

ஆறு நொடி. முந்நூறு பேர் எழுந்து 'டி' காட்டினார்கள். ஷனீஸ் பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி, மூச்சு விட்டாள். நான் ஓடிப்போய் அவளைத் தடுக்க வந்தவளின் வழியில் சுவராக நின்றேன். ஷனீஸ் என் தோளை உரசிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். இருவர் அவள்மேல் விழுந்தார்கள். நான் இடது தோளைச் சாய்த்துத் திரும்பினேன். அவர்கள் கைகளுக்குக் கீழே பந்து தரையில் ஒரு முறை பட்டு, ஏற்கெனவே பேசி வைத்ததுபோல் என் உள்ளங்கைக்கு வந்தது. கூடைக்குப் பின்னாலிருந்த பலகையில் பட்டுத் திரும்பும்படி போட்டேன். விழுந்தது.

ஒரு நொடி மிச்சம். அவர்கள் அரங்கின் மறுமுனையிலிருந்து வீசிய பந்து வளையத்தையே தொடவில்லை. முந்நூறு ஜோடிக் கைகள் இன்னும் அப்படியே காற்றில் நின்றன, இறக்க மறந்துவிட்டார்கள். லிண்டி என் முதுகில் ஏறிக்கொண்டாள். ஷனீஸ் நடுவரிடம் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவ்ளோதான, சார்?" என்று கேட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவ்ளோதாம்மா," என்றார்.

திரும்பும் வழியில் கோச் யாரையும் கேட்காமல் வண்டியை அந்தத் தேவாலயத்தில் நிறுத்தச் சொன்னார். முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார் போல. தோற்றிருந்தாலும் நிறுத்தியிருப்பாரா என்று நான் கேட்கவில்லை. மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் வந்து பாத்திரத்தின் ஆவியில் நின்றது. ஊர்ப் பெண்கள் வானொலியில் ஆட்டத்தைக் கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஷனீஸ் முன்னால் ஒரு கிண்ணமும் ஒரு ரோலும். சுற்றிப் பதினோரு பேர் நின்றோம். அவள் ரோலின் ஓரத்தைப் பிய்த்தாள். அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

"உனக்கு மட்டும்தான உரிமை," என்றேன்.

"தொட்டுக்கோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தோய்த்து, வாயில் போட்டாள். மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் லிண்டி.

ஷனீஸ் கையை நீட்டி லிண்டியின் தட்டிலிருந்த ரோலையும் எடுத்துக்கொண்டாள்.