ஆளுக்குப் பாதி

என் தம்பி ஜெரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உடம்பு அனலாய்க் கொதிக்க, கால்கள் தானாகத் துள்ளக் கிடந்தான். டாக்டர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "பார்ட்டியில போட்ட போதை மாத்திரையோட வேற என்ன சாப்பிட்டான்? தெரிஞ்சாதான் நான் மருந்து கொடுக்க முடியும்."

"மாதா மேல சத்தியமா வேற ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றான் ஜெரி, பல் கிட்டிக்கொள்ள. "மொதல்ல ஒண்ணு போட்டேன், ஏறவே இல்ல. டூப்புன்னு நெனச்சு இன்னும் போட்டேன். தோஸ்துங்கல்லாம் ஒண்ணுலயே ஆடிக்கினு இருந்தானுங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு ஏறல?"

சாகக் கிடக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் டாக்டர் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டார். "மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறானா?"

"அது நான் சாப்பிடுறது," என்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மாத்திரை இருப்பதால்தான் தினமும் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒருமுறை மொத்தத்தையும் விழுங்கப் பார்த்தேன். அன்றிலிருந்து மாத்திரை அட்டையை அம்மா பீரோவில் பூட்டிவைத்து, தன் கையால்தான் தருவாள். கொஞ்ச நாளாகப் பாதிதான் தந்தாள். எனக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் குறைக்கச் சொன்னாராம். பைத்தியக்காரி நான், அதை நம்பினேன். யார்டு கழிவறையில் காரணமே இல்லாமல் அழுதபோதெல்லாம் நோய் திரும்பிவிட்டது, என் தலையெழுத்து என்றே நினைத்தேன்.

கட்டிலருகே நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் டாக்டர். இவனுக்கு டீயில கலந்து குடுத்தேன்."

"இன்னாம்மா சொல்ற நீ?" என்று கத்தியே விட்டேன்.

"பார்ட்டிக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு நாள்ல சோறு வாணாம்பான். சுவத்தப் பாத்து படுத்துகினு அழுவான். உனக்கும் அப்படித்தானே மெர்லின் இருந்துச்சு? இந்த மாத்திரையிலதானே நீ சிரிச்ச? அந்தப் பார்ட்டி கருமம் மூளையையே அரிச்சிடும்னு சொன்னாங்க. புள்ள மூளை கெடாம இருக்கட்டும்னு ஆளுக்குப் பாதியா..."

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மனதைச் சமனாக வைக்க மூளையில் செரோடோனின் என்று ஒன்று இருக்கிறது. பார்ட்டி மாத்திரை அதை ஒரேயடியாகக் கொட்டிவிடும். பிறகு தட்டுப்பாடு வரும். அவன் அழுதது அதனால்தான். என் மாத்திரை அது கொட்டுகிற வாசலையே அடைக்கும். அதனால் போதை ஏறவில்லை. ஏறவில்லையே என்று இவன் மேலே மேலே போட்டிருக்கிறான். அளவு மீறிப்போனதால்தான் இந்தக் கொதிப்பும் துள்ளலும்.

"அப்ப நான் காப்பாத்துனேனா, கெடுத்தேனா?" என்றாள் அம்மா.

"பார்ட்டி மாத்திரையைத் தொடாம இருக்கணும். மூளைக்கு அது ஒண்ணுதாம்மா காவல்."

ஊசி போட்டார்கள். துள்ளல் மெல்ல அடங்கியது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்ததை அம்மா பார்க்காமலா இருந்தாள்? பார்த்துக்கொண்டேதானே என் மாத்திரையைப் பாதியாக உடைத்தாள்!

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா பாதிதானா? நீங்க இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "அவ நல்லாத்தான் கீறா டாக்டர். நீங்க புள்ளயப் பாருங்க."