கூடையில் போன செடிப்பேன்

1963 மே 12, ஞாயிறு

இன்று ஒரு பிழை செய்தேன். இலை சுருண்ட மூன்று உருளைக்கிழங்குச் செடிகளைப் பிடுங்கியது சரி. அவற்றைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, நல்ல செடிகளின் ஓரமாக நடந்ததுதான் பிழை. பழக்கம். எதை எடுத்தாலும் என் கை முதுகுக்கே அனுப்புகிறது.

ஆற்றோரத்தில் கொட்டியபோது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கடுகிலும் சிறிய பச்சைச் செடிப்பேன்கள். நோயுள்ள செடியில் சாறு குடித்த பேன் அடுத்த செடியில் வாய் வைத்தால் நோயும் கூடவே போகும், அந்தக் கிழங்கை விதைத்தால் அடுத்த போகமும் சுருளும் என்று மாலை வகுப்பில் சிறில் மாஸ்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் நடந்த வழி, பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்காவின் பாத்தியை ஒட்டியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அவருடைய பாத்தியில் மட்டும்தான் சுருளே இல்லை. வரும் போகத்துக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் விதைக்கிழங்கு அங்கிருந்துதான்.

சொல்வதா? ஒரு பேன்கூட விழாமல் இருந்திருக்கலாம். வகுப்புக்குப் போகிறவள் அலட்டுகிறாள் என்பார். கூடையைக் கழுவினேன், இன்னொரு முறையும் கழுவினேன். பிறகு போனேன்.

"என்னடி ஜோசப்பின், ஞாயித்துக்கெழமையும் கூடையா? கண்டாக்கையா இன்னைக்கும் வேலைக்குப் பேரு போடுவாரா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப வெத பூரா போச்சா?"

"பூரா இல்லக்கா. நான் நடந்த ஓரம் மட்டும். அதுவும் நிச்சயமாத் தெரியாது. சுருள் வெளிய தெரிய நாளாகும்."

"தெரியாததை எதுக்குடி வந்து சொல்ற?"

"தெரியறப்ப அந்தக் கெழங்கு வெதையோட கலந்துருக்குமேக்கா."

அக்கா விறகுக் குவியலிலிருந்து, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளை எடுத்து வந்து, ஓர வரிசையை ஒட்டி ஊன்றினார்.

"இது கறிக்கு. குச்சிக்கு அந்தப் பக்கம் வெதைக்கு. சரியா?"

"ரெண்டு வரிசையா விடுங்கக்கா. பேன் பறக்கவும் செய்யும்."

"செஞ்சதும் நீ, சட்டம் பேசுறதும் நீ! இனி ஒங்கூடை இந்தப் பக்கம் வந்துச்சு, முதுகுல ரெண்டு வைப்பேன்."

முணுமுணுத்துக்கொண்டே குச்சிகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி ஊன்றினார். இரண்டு வரிசை போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் பாத்தியில் சுருண்ட செடி இன்னும் இரண்டு நிற்கிறது.

நாளை வேலை விட்டு வந்ததும், ஈரச் சாக்கால் அவற்றை மூடி, மூடியபடியே பிடுங்கி, சாக்கின் வாயைக் கட்டி, லயத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்ப் புதைக்க வேண்டும்.