ஒரு துணி குறையுது

வயிற்றைத் தைத்து மூடுமுன், ரத்தம் உறிஞ்ச உள்ளே வைத்த துணிகள் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். மொத்தம் இருபது. நர்ஸ் வாண்டா கோசாக் குனிந்து, நசநசவென்று ஊறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொங்கவிட்டு எண்ணினாள். மேசையில் கிடந்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், மூன்று பிள்ளைக்காரி.

ஏழாவது துணியில் வாண்டாவின் சட்டைப்பையில் டாக்டர் பிரெண்டனின் போன் அதிர்ந்தது. அறுக்கிற கை போனைத் தொடக்கூடாது. நர்ஸ்தான் பேச வேண்டும். ஹாமில்டன் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் பத்தொன்பது வருஷமாக இந்த ஊழியம். ரத்தக் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.

"படகு வாங்குற ஆளாம், டாக்டர்."

"சனிக்கிழமை வரச் சொல்லும்மா. இன்ஜின் புதுசுன்னு சொல்லு."

திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, இன்ஜின் புதுசு என்று தன் வாயாலேயே சொன்னாள்.

மறுபடி ஒன்றிலிருந்து. பதினொன்றில் கதவு திறந்தது. அறுவைக் கருவி விற்கிற டிரேக், பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"நேத்து ஹாக்கி பாத்தீங்களா டாக்டர்? நம்ம கோல்கீப்பருக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

இருவரும் சிரித்தார்கள். எண் தொலைந்தது.

"இன்னும் முடியலையா வாண்டா? இருபதுன்னு எழுதிட்டுப் போயேன்" என்றார் பிரெண்டன்.

"எண்ண விட்டாத்தானே எழுத."

மூன்றாம் தடவை எண்ணினாள். பத்தொன்பது. குப்பை வாளியைக் கவிழ்த்தாள், மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தாள். இல்லை.

"ஒண்ணு குறையுது. உள்ள பாருங்க."

"உள்ள ஒண்ணுமில்ல. டெரல், நூலக் குடு."

கருவி எடுத்துக்கொடுக்கும் டெரல் நூலின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். "வாண்டா சொல்லட்டும், டாக்டர்."

பிரெண்டன் முனகிக்கொண்டே கையை விட்டுத் துழாவினார். ஈரலுக்குப் பின்னாலிருந்து சுருண்டு கறுத்த துணி ஒன்று வந்தது. யாரையும் பார்க்காமல் தட்டில் எறிந்தார்.

"தப்பிச்சீங்க டாக்டர்" என்றான் டிரேக்.

"தப்பிச்சது அவ" என்றாள் வாண்டா. "நீ வெளிய போ."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் வயிற்றைப் பார்த்தார். அவன் போனான்.

போனை அணைத்து அலமாரிக்குள் போட்டாள். இத்தனை வருஷம் கேட்ட எடுபிடி வேலையெல்லாம் செய்து பழக்கிவிட்டது தானும்தான் என்று அவளுக்கு உறைத்தது.

"நூலு" என்றார் பிரெண்டன்.

டெரல் வாண்டாவைப் பார்த்தான். அவள் இருபதையும் மறுபடி எண்ண முதல் துணியைத் தூக்கினாள்.

"ஒண்ணு."