துவக்கி வைக்கப்பட்ட ஆட்டம்

அந்தத் தீவு நாட்டின் மகளிர் கூடைப்பந்து அணி பதினாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. நாம் சொல்லவில்லை, அவர்களுடைய இணையதளத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் அணியில் ஆறே பேர். கோச்சம்மாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. முதல் ஆட்டத்தில் தொண்ணூற்றொரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. இரண்டாவது ஆட்டத்துக்குக் கப்பல் தாமதம், அதையும் தோல்வி என்றே எழுதிக்கொண்டார்கள். இப்படி ஒன்று விடாமல் முப்பத்தொன்பது தோல்வி.

“தோத்தத எவனாவது எழுதி வைப்பானா? கூறு கெட்ட நாடா கீது,” என்றார் எங்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் காசிநாதன். இவர் போட்ட சங்க மலரில் பக்கத்துக்குப் பக்கம் இவர் படம்தான். ஆடிய பெண்களின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

அந்த அணி மாமல்லபுரம் பார்க்க வருகிறது என்று தெரிந்ததும், புதுப்பட்டினம் பெண்களோடு ஒரு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். நான் சரவணகுமார், கருங்குழியில் பி.டி. மாஸ்டர். ஸ்கோர் ஷீட் எழுதுவது நான். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் சரித்திரம்.

எங்கள் அணியில் ஜெனிஃபருக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒரு நாட்டின் அணியை ஜெயித்ததாகச் சான்று காட்டினால் வேலை கிட்டத்தட்ட உறுதி. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அவள் அம்மா மேரி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

மே மாதம், மதியம் மூன்று மணி. சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறு மணிக்கு அவர்கள் விமான நிலையம் கிளம்பியாக வேண்டும். காசிநாதனே வேறு வழியில்லாமல் “ஆரம்பிங்கபா” என்றார். பாதி ஆட்டத்தில் நாங்கள் முப்பத்தெட்டு, அவர்கள் இருபத்திரண்டு. ஜெனிஃபர் மட்டும் இருபத்தொன்று. சந்தோஷத்தில் எனக்கு எழுத்துக் கோணியது.

அப்போதுதான் போன் வந்தது. விருந்தினர் மதுராந்தகத்தில் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம். ஆட்டம் நின்றது. எங்கள் பெண்களை வாசலில் வரிசையாக நிற்க வைத்தார் காசிநாதன், பன்னீர்ச் செம்பும் சந்தனத் தட்டுமாக. பொன்னாடைத் தட்டு ஜெனிஃபர் கையில். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்கள். வெளிநாட்டுப் பெண்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

பெரிய மனிதர் காரைவிட்டு இறங்கினார். “பாதி மேட்ச் முடிஞ்சிடுச்சா?” என்று முகத்தைச் சுளித்தார்.

“இல்ல தலைவரே, பொண்ணுங்க சும்மா பிராக்டீஸ் பண்ணிகினு இருந்தாங்க. நீங்கதான் தொடங்கி வைக்கணும்,” என்ற காசிநாதன் என் காதருகே குனிந்தார். “ஜீரோ போடு. இன்னா முழிக்கிற? தொடங்கி வைக்க வந்தவருக்குப் பாதி முடிஞ்ச மேட்ச்சயா காட்டுவாங்க?”

“அந்த முப்பத்தெட்டு சார்...”

“அத்த திரும்பப் போட்டுக்குவாங்க. நல்லாத்தான ஆடுதுங்க.”

ஷீட்டைக் கிழித்தேன். காசிநாதன் கிழிக்கவில்லை, நான்தான் என் கையால் கிழித்தேன்.

தலைவர் பந்தைக் கூடைக்கு வீசினார். ஏழு முறை வீசியும் விழவில்லை. நாற்காலி போட்டு ஏற்றிவிட்டார்கள். எட்டாவது முறை விழுந்தது. ஒரே கைதட்டல், போட்டோ, பொன்னாடை. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கார் ஏறிப் போய்விட்டார், புண்ணியவான்.

மிச்சமிருந்த நேரத்தில் பாதி ஆட்டம்தான் ஆட முடிந்தது. நின்று நின்றே ஜெனிஃபருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எட்டுப் புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை. நாங்கள் பத்தொன்பது, அவர்கள் இருபத்துநாலு. தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தபால் ஆபீஸ் கோச்சம்மா வந்து புது ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பதினாலு வருடத்தில் முதல் வெற்றி, குதித்திருக்க வேண்டாமா? ஒருத்தரும் சிரிக்காமல் வேனில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்தால் என் ஸ்கோரர் லைசென்ஸ் போய்விடும். போனால் போகட்டும், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று துணிவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆனது. துணிந்த அன்று ஜெனிஃபரே பள்ளிக்கு வந்தாள். அந்த நாட்டுக்கு அவளே மெயில் போட்டிருக்கிறாள். அவர்களுடைய சரித்திரப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். கடைசி வரி இது:

‘நாற்பதாவது ஆட்டம், புதுப்பட்டினம். 46–57. தோல்வி. பாதியில் உள்ளூர் வழக்கப்படி பூஜ்யத்திலிருந்து எண்ணினார்கள். நாங்கள் அப்படி எண்ணுவதில்லை. எதிரணியின் ஜெனிஃபர் 29 புள்ளிகள்.’

கூடவே அந்த அணி முத்திரை வைத்து அனுப்பிய கடிதம். எனக்கு வெட்கமாக இருந்தது. பாக்கெட்டிலிருந்து அவசரமாகப் பேனாவை எடுத்தேன்.

“குடும்மா, நானும் ஒரு கையெழுத்துப் போடறேன்.”

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். “வேணாம் சார். வேலைக்குப் போட்ட ஆபீஸ்ல இத்த ஒத்துகினாங்க. உங்க ஊர் ஸ்கோரர் கையெழுத்து இன்னாத்துக்கு இல்லன்னு மட்டும் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அன்னிக்கு ஸ்கோரர் வரலன்னு சொல்லிட்டேன் சார்.”