நல்ல பால், கெட்ட பால்

இதில் முன்னே வந்தது காய்ச்சலா, பால் நிலையத்துக்குப் புது மேற்பார்வையாளரா என்பதில் சொல்கிற எனக்கே உறுதியில்லை. நடுவில் சில வாரங்களைத் தவறவிட்டிருக்கவும் கூடும். காய்ச்சலோடு அவளுடைய மோப்பம் போனது மட்டும் நிச்சயம்.

வந்து இறங்கும் கேன்களைத் திறந்து முகர்ந்து, கெட்டதைத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ‘மூக்கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோப்பம் போனதும் பாக்கெட் பிரிவுக்கு மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை.

மருத்துவமனையில் மூக்குக்கு மேலே, மண்டைக்குள், மெல்லிய மின்கம்பிகளைப் பதித்தார்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிய சின்னப் பெட்டி காற்றை அளந்து கம்பிகளுக்குச் சொல்லும்.

“பழைய வாசனை திரும்பி வராதுக்கா,” என்று கருவிப் பிரிவுப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். “ஏதோ ஒண்ணு தோணும். எது எதுன்னு நீங்கதான் பழகிக்கணும்.”

பழக்கியது கணவர். மெக்கானிக். பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக அவளைக் கண்மூடி உட்காரவைப்பார். நல்ல பாலை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். கெட்ட பாலை மட்டும், புது மேசைவிரிப்பில் சிந்திவிடுமே என்று, கையில் பிடித்தபடி அவள் மூக்கருகே நீட்டுவார்.

“இது?”

“கெட்டது.”

“அடி சக்கை. வாத்தியார் யாரு?”

“ரொம்ப அலட்டிக்காதீங்க.”

கொஞ்ச நாளில் தப்பே வரவில்லை. பழைய வேலையைத் திரும்பக் கேட்டாள். சோதனையில் தேறினால் தருவதாகவும், தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகவும் மேற்பார்வையாளர் சொன்னார்.

சோதனை அன்றைக்குக் கணவர் பட்டறையிலிருந்து நேரே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கருவிப் பிரிவுப் பெண்ணும் வந்திருந்தாள். மூக்கக்கா முதல் கேனைக் கெட்டது என்றாள். அடுத்ததையும். அதற்கடுத்ததையும்.

“மூக்கக்கா, அது இப்பத்தான் கறந்து வந்தது.”

“எனக்குக் கெட்டதுன்னுதான் தோணுது சார்.”

கருவிப் பிரிவுப் பெண் கணவரை வெளியே நிற்கச் சொன்னாள். அதன்பின் திறந்ததெல்லாம் மூக்கக்காவுக்கு நல்ல பாலாகிவிட்டது. ஒன்றை நல்லது என்று சொல்லி நிமிர்ந்தபோது, மேற்பார்வையாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“வீட்ல எப்படிக் காட்டுவீங்க சார்?” என்று கருவிப் பிரிவுப் பெண் கணவரைக் கேட்டாள்.

அவர் வாசலில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினார். கை பாதியில் நின்றது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.



“அப்ப இத்தனை நாளா நான் மோந்தது உங்களையா?”

“என்னைக் கெட்டுப்போன பால்னு ஊரெல்லாம் சொல்லிராத,” என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அவள் கண்ணை மூடினாள். யாராரோ இடித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். அத்தனை நெரிசலிலும் கணவர் பின்னால் தள்ளப்பட்டதும், மறுபடி பக்கத்தில் வந்து சேர்ந்ததும் அவளுக்குத் தெரிந்தது. கெட்டது என்று இத்தனை நாள் பேர்வைத்திருந்ததற்கு வேறு பேர் தேட அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பழைய வேலை போய்விட்டது என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவள் பாக்கெட் பிரிவிலேயே இருந்து ஓய்வுபெற்றாள். பாலை மறுபடி முதலிலிருந்து பழகி, வீட்டுப் பாலை மட்டும் முகர்ந்து பார்த்தாள். மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போனார். கருவிப் பிரிவுப் பெண் இன்னும் அதே மருத்துவமனையில் இருக்கிறாள். கணவர் பட்டறையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார்.