சாவடி தாண்டிய கட்டுச்சோறு

ஆரல்வாய்மொழிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திய ஏட்டு தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். பெருங்காய வாசனை அவர் மீசைவரை ஏறியது. புளிச்சோறு. அடுத்ததில் எள்ளுச்சோறு. மொத்தம் ஆறு தூக்கு. ஆறும் சூடாமணியுடையது. மகள் தங்கநாச்சியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர, பணகுடியிலிருந்து திருவனந்தபுரம் ஆரியசாலைக்குக் கட்டுச்சோறு கொண்டு போகிறாள். அது வந்து தெருவுக்கெல்லாம் கொடுக்காமல் மருமகளை அனுப்பும் வழக்கம் இல்லையென்று சம்பந்தி பகவதியம்மை கறாராகக் கடிதம் போட்டிருந்தாள். ஏழாம் மாதம் இன்றோடு சரி. எட்டில் எந்த வீட்டிலும் சூலியை அனுப்பமாட்டார்கள்.

சாவடி நின்ற அந்த மண் திருவிதாங்கூருக்கா, சென்னை மாகாணத்துக்கா என்று ஆண்கள் கூட்டம் போட்டுத் தொண்டை வறண்ட காலம் அது. பெண்களுக்கு எல்லை என்றால் இந்த ஏட்டுதான். அரிசி தாண்டக் கூடாதென்று உத்தரவு. சோறும் அரிசிதானே என்றார்.

"அப்பொ இத அரிசியாக்கித் தாரும். நான் திரும்பிப் போயிருதேன்" என்றாள் சூடாமணி.

பஸ்ஸே சிரித்தது. ஏட்டு சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு தூக்கு போகலாம், மற்றதை இறக்கு என்றுவிட்டார். சர்ச் உபதேசியார் மனைவி ரத்னாபாய் பின்சீட்டிலிருந்து எட்டி ஒரு தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "இது எனக்க சோறு" என்றாள். பொய்யே பேசாத வாய் அது. அடுத்து நான்கு பெண்கள் கை நீட்டினார்கள். ஏட்டு கண்டும் காணாமல் கையசைத்தார்.

ஆரியசாலையில் இறங்கியதும் தூக்குகளை வாங்கிக்கொண்டு அவர்களைப் போகச் சொல்ல சூடாமணிக்கு மனசு வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டுமென்று சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிட்டாள். பாதி வழியில்தான் உறைத்தது: இத்தனை வாய் உண்டால் தெருவுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? சம்பந்தி அதையே சாக்காக வைத்துப் பெண்ணை அனுப்பாவிட்டால்? அழுகை வரும்போல இருந்தது.

ரேஷன் காலத்தில் ஆறு பெண்கள் வரிசையாக வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துப் பகவதியம்மை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இவியெல்லாம் ஆரு?"

"சோறு சுமந்து வந்தவிய" என்று தொடங்கி, சூடாமணி ஏட்டு கதை முழுவதையும் ஒப்பித்தாள். கேட்டு முடித்ததும் பகவதியம்மை கூடத்துச் சன்னலைத் திறந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஆறு பேரு சுமந்து வந்த கட்டுச்சோறு இந்தத் தெருவுல எவ வீட்டுக்கு வந்திருக்கு?"

இலைகள் விழுந்தன. தங்கநாச்சிக்கு முதல் உருண்டையை ரத்னாபாய் ஊட்டினாள். பகவதியம்மையின் மகன் பரண்மேல் ஏறித் தூசியில் தும்மித் தும்மி, ஊருக்குப் போகும் மனைவியின் தகரப்பெட்டியை இழுத்தெடுத்து, எங்கே இறக்கிவைப்பது என்று கேட்டான். பதில் சொல்ல ஒருத்தி வாயும் காலியாக இல்லை. அவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றான்.